படத்துக்குக் கீழே

மேசை முன்னால், கணினிக்கு நேராக அவள். அவளுக்கு இடப்பக்கம் முக்காலியில் நாத்தனார், மடியில் உரித்த ஆரஞ்சுக் கிண்ணத்தோடு. ஜன்னலோரக் கட்டிலில், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் கணவன்.

வராதவர் மாமியார் ஒருவர்தான். கூடியதென்னவோ அவருக்காக.

வேறு ஊரில் தனியாக இருந்த மாமியாரிடம் இணையம் இல்லாத பழைய கணினி ஒன்று இருந்தது. மகனின் படங்கள் மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஏறித் தபாலில் போகும். இந்தத் தடவை, படம் பார்க்க நல்லதாக ஒரு இலவச மென்பொருளும் வேண்டும் என்று மகளிடம் போனில் சொல்லியிருந்தார்.

போகிற படங்கள் எல்லாம் போன வருஷத்தவை. தலை நிறைய முடியும் கன்னத்தில் சதையுமாக அவன் சிரிக்கிற படங்கள்.

சிகிச்சை முடிந்து முடி முளைக்கும்வரை அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பது அவன் போட்ட கட்டளை. அம்மா தாங்க மாட்டாள் என்று பயம்.

அவளும் கவனமாகத்தான் செய்துவந்தாள். தேதியோடு வரும் படங்களின் பெயரை மாற்றினாள். சுவர்க் காலண்டர் தெரிந்தவற்றை ஒதுக்கினாள்.

இறக்கி வைத்திருந்த மூன்று மென்பொருள்களில் முதலாவது, படத்துக்குப் படம் விளம்பரம் காட்டியது.

"வேண்டாம் அண்ணி. அம்மா அந்த விளம்பரக்காரியோட சண்டைக்குப் போயிடுவாங்க."

இரண்டாவது லட்சணமாக இருந்தது. பெரிய பெரிய பொத்தான்கள். அம்புக்குறியைத் தொட்டால் அடுத்த படம்.

"எனக்கு டாக்டர் தேடினப்பகூட நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு அலசலையே," என்றான் அவன் கட்டிலிலிருந்து.

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவள் கண்ணில் அப்போதுதான் அது பட்டது.

படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், எடுத்த தேதி. போன வருஷம்.

கேமரா தேதியைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, காம்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க விட்டிருக்கிறாள்.

அவசரமாக மூன்றாவதைத் திறந்தாள். கறுப்புத் திரை. நடுவில் படம். கீழே ஒன்றுமில்லை.

அவளுக்கு மூச்சு வந்தது.

நாத்தனார் சுளையை மென்றபடி தலையாட்டினாள்.

"அம்மா கேட்டதும் இந்த மாதிரிதான் அண்ணி. 'இப்ப இருக்கறது படத்துக்குக் கீழ என்னத்தையோ எழுதிக் காட்டுதுடி. அது எனக்கு வேண்டாம். அவன் முகம் மட்டும் தெரியறதாப் பாத்து அனுப்பு'ன்னாங்க. பாவம், கண்ணு மங்கிடுச்சு போல."

அவள் கை விசைப்பலகையிலேயே நின்றது.

ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேடாதவர் மாமியார்.

மெல்லத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தபடியே கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒரு படம் எடு," என்றான். "முகம் நல்லாத் தெரியணும்."

நாத்தனார் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய் ஜன்னல் திரையை முழுசாக விலக்கிவிட்டாள்.

மூன்றாவது மென்பொருளைத்தான் அவள் பென் டிரைவில் ஏற்றினாள். கேட்டது அதுதானே. கூடவே இன்றைய படம் ஒன்று. போன வருஷத்துப் படம் எதுவும் இல்லை.

உறையை எடுத்து வழக்கம்போல் விலாசம் எழுதப் போனவளிடம் அவன் கையை நீட்டினான். நடுங்கும் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று இத்தனை மாதமாக அவள்தான் எழுதிவந்தாள்.

அவன் எழுதினான். அம்மாவின் பெயர் கொஞ்சம் கோணிக்கொண்டுதான் போயிற்று. அடித்துத் திருத்தவில்லை.

நாத்தனார் உறையை ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருமுனைத் தபால் பெட்டி தெரியும். உறை தடிமன், பெட்டியின் வாயில் பாதியில் நின்றது.

உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே போயிற்று.