தெருவில் ஒரே ஓட்டு

வாக்குப்பதிவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனாலும் யார் மனத்தில் யாருக்கு ஓட்டு என்பதைச் செய்திச் சேனல் தெருத்தெருவாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது.

“வேட்பாளர் ஞானதிரவியத்துக்கு அவர் குடியிருக்கும் தெருவிலேயே ஒரே ஓட்டு! மனைவியும் கைவிட்டாரா? விவாதம், இடைவேளைக்குப் பின்.”

எஸ்தரின் கண்கள் நிறைந்தன. “சத்தியமா நான் உங்களுக்குத்தான் போடணும்னு நினைச்சிருக்கேன். இந்த டிவி பொய் சொல்லுதுங்க.”

“பொய் இல்ல, எஸ்தர்.” ஞானதிரவியம் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த ஒண்ணு உன்னோடதுதான். நான் டீச்சருக்குப் போடலாம்னு இருக்கேன்.”

பக்கத்து வீட்டு ஜெபமலர் டீச்சரை எதிர்த்துத்தான் அவர் நிற்கிறார்.

“பெறகு நீங்க எதுக்கு நிக்கீங்க?”

“தெருவுக்குத் தண்ணி வரணும்னு நின்னேன். ஆனா நீ காய்ச்சல்ல கெடந்தப்ப தெனமும் கஞ்சி கொண்டுவந்தது யாரு? ஜெபத்துல உக்காந்தா அந்தத் தூக்குவாளிதான் கண்ணுல நிக்கு.”

“நல்ல வேட்பாளருக்குத்தான் வாக்கப்பட்டிருக்கேன்” என்று எஸ்தர் அழுகையோடு சிரித்தாள்.

இடைவேளை முடிந்தது. “சற்றுமுன் கிடைத்த தகவல். அதே தெருவில் ஞானதிரவியத்தின் ஓட்டு இரண்டாகியிருக்கிறது. இந்தத் திடீர் எழுச்சிக்குக் காரணம் என்ன? நிபுணர்களிடம் கேட்போம்.”

நிபுணர்கள் சாதிக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். எஸ்தர் ஜன்னல் வழியே பார்த்தாள். மதிலோரம் கறிவேப்பிலை பறிக்க வந்த ஜெபமலர் டீச்சர், பறிக்க மறந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.