பூஜ்யம் மில்லிமீட்டர்

வெண்ணிலாவும் செண்பகவல்லியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வெண்ணிலா தலைநகரில் அமர்ந்து துணைக்கண்டம் முழுவதற்கும் பருவமழையைக் கணித்தாள். செண்பகவல்லிக்கு வாய்த்தது சொந்த ஊரில் ஒற்றை மழைமானியைப் பார்த்து அளவு சொல்லும் வேலை. தோழியைத் தொலைக்காட்சியில் பார்த்தாலே இவளுக்கு வயிறு எரியும்.

இந்த வருடம் மழை பொய்க்கும் என்றார்கள் எல்லோரும். வெண்ணிலா மட்டும் பதினேழாம் தேதி தொடங்கிவிடும் என்றாள். பதினேழாம் தேதி காலையில் மழைமானியில் அறுபத்திரண்டு மில்லிமீட்டர் இருந்தது. செண்பகவல்லி அதை அப்படியே தரையில் கவிழ்த்தாள்.

போன் அடித்தது.

"எவ்வளவுடி செம்பா?"

"ஒரு சொட்டு இல்ல."

"உன் ஊரைத்தான்டி மலையா நம்பியிருந்தேன்." வெண்ணிலாவின் குரல் உடைந்தது. "சரி, பூஜ்யம்னே எழுதிக்கறேன்."

அப்போது தகரக் கூரையில் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"அதென்னடி, தகரத்துல அப்படியொரு சத்தம்?"

செண்பகவல்லி போனை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.