ஆயிரம் வாட்

ஞானசேகரத்தாரின் வானொலிக் கோபுரம் துறைமுகத்துக் கிரேனைவிட உயரம் என்று அவரே சொல்லுவார். அவருடைய வாய் அதைவிட நீளம்.

“உம்மட அஞ்சு வாட்டில பக்கத்தில இருக்கிற கிண்ணியாவோடயே கதைக்க ஏலாது, தம்பி. முருங்கையில கட்டின ஏரியல் கம்பியும் நீரும்!”

அவருடைய வானொலியும் ஐந்து வாட்தான். அதை ஆயிரமாக்கும் பெரிய பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தார், அவ்வளவுதான். வீட்டிலிருந்தே உலகத்தோடு வானொலியில் பேசும் எங்கள் அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் தலைவரும் அவரே. நூறு வாட்டுக்குக் குறைந்தவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை என்று இன்று பின்னேரம் தீர்மானம் கொண்டுவரப்போகிறார். என்னை வெளியே தள்ளத்தான்.

அதற்கு முன் ஆயிரம் வாட்டின் பெருமையைக் காட்ட என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். மைக்கைப் பிடித்துக் கத்தினார். சிலி நாட்டிலிருந்து ஒருவர், “திருகோணமலை, தெளிவாகக் கேட்கிறது!” என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

ஞானசேகரத்தார் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“கேட்டீரோ? பெட்டியின்ர விசிறிச் சத்தம்கூட இல்லை. நல்ல சாமான் சத்தம் போடாது. உம்மட விளையாட்டுச் சாமானால இது ஏலுமோ?”



அவருடைய மனைவி சிவாஜினி அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, ரைஸ் குக்கருக்கு வேற பிளக் இல்லையெண்டு காலமை உங்கட பெரிய பெட்டியைக் கழட்டி விட்டனான். சோறு வெந்திட்டுது. இனிக் கொழுவுங்கோ.”