ஈச்சங்காட்டு பூத்

“மலைக்காரங்க ஒருத்தரும் இந்த வாசப்படி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்!”

புருஷனின் உடல் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்க, ராஜாம்பாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

வெளியே ஒரு வேன். கல்வராயன் மலையில் ஈச்சங்காடு என்ற ஊரிலிருந்து நைனார்பாளையத்துக்கு இழவு கேட்க வந்தவர்கள், ரோஜா மாலையும் கையுமாக ரோட்டோரம் நின்றார்கள்.

“அண்ணி, எழவு வூட்டுக்கு வந்தவங்கள வெரட்டுறது நல்லா இல்லீங்க,” என்றார் கொளஞ்சியப்பன். செத்துப்போன பொன்னுரங்கத்தோடு காலமெல்லாம் கட்சிக்கொடி கட்டித் திரிந்தவர்.

“அவங்க செஞ்சது மட்டும் நல்லா இருந்துச்சா?”



பொன்னுரங்கம் நாலு தேர்தலில் நின்றவர். முதல் தடவை தோல்வி. அடுத்த இரண்டு தடவையும் எம்.எல்.ஏ. நாலாவது தடவை ஜெயித்தால் மந்திரிதான் என்று கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். பேச்சுக்கு என்ன, காசா பணமா? முந்நூறு ஓட்டில் மண்ணைக் கவ்வினார்.

ஈச்சங்காட்டு பூத்தில் மட்டும் ஐந்நூறு ஓட்டுக்கு மேல். எப்போதும் மொத்தமும் அவருக்கே விழும் ஓட்டு. அந்தத் தடவை, ரோடு போட்டால்தான் ஓட்டு என்று ஊரே தேர்தலைப் புறக்கணித்துவிட்டது. பூத்துக்குப் போன மெஷின் போனபடியே திரும்பி வந்தது.

அடுத்த வருஷமே ரோடு வந்தது. ஜெயித்தவர் வந்து ரிப்பன் வெட்டி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டுப் போனார்.

பொன்னுரங்கத்துக்குக் கட்சி அப்புறம் சீட்டே கொடுக்கவில்லை. செருப்பு விட இடமில்லாமல் கிடந்த வாசலில் புல் முளைத்தது. அவர் படுத்த படுக்கையான பிறகு, ராஜாம்பாள் மலைக்காரர்களுக்குச் சாபம் விடாத நாள் கிடையாது. அப்போதெல்லாம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். தோற்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை என்று அவளும் விட்டுவிடுவாள்.

தாசில்தார் வீட்டு நாய் செத்தால் ஊரே வருமாம், தாசில்தாரே செத்தால் நாய்கூட வராதாம். எம்.எல்.ஏ.வுக்கும் அதே கதைதான். காலையிலிருந்து கட்சியின் பெயரில் ஒரே ஒரு மாலை வந்தது. அதைக் கொண்டுவந்த டிரைவர், வண்டி இன்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கி வைத்துவிட்டுப் போனான். பாடை தூக்க நாலு ஆள் சேர்ப்பதற்குள் கொளஞ்சியப்பனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

இப்போது ஆள் வந்திருக்கிறது. இவள் விடமாட்டேன் என்கிறாள்.

ஈச்சங்காட்டு ஊர்ப்பெரியவர் கரியன் கேட் அருகே வந்தார். “யம்மா, உள்ள கூட வரலீங்க. ஐயாவ சுடுகாடு வரிக்கும் நாங்க தூக்கிக்கினு போறோம். அதுக்கு மட்டும் உத்தரவு குடுங்க.”

“அவுரு உசுரோட இருக்கசொல்ல ஒரு வெரல வெச்சு அழுத்த முடியல. இப்ப தோள் குடுக்க வந்துட்டீங்களா?” ராஜாம்பாளுக்குக் குரல் உடைந்தது. “நீங்க போடாத ஓட்டுதான்யா அவரக் கொன்னுச்சு!”

கரியன் மாலையைக் கேட் ஓரமாக வைத்துக் கும்பிட்டுவிட்டு, வேனைப் பார்த்து நடந்தார். மற்றவர்களும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

தைலம்மாள் என்ற பெண் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

“தைலம்மா, வேணாம் வா. வாக்கு குடுத்துக்கிறோம்,” என்றார் கரியன்.

“இனிமே இன்னா வாக்கு? வாங்கிக்கினவரே பூட்டாரு.” அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “யம்மா, எம்மவ தமிழ்ப்ரியாவுக்குப் பிரசவ வலி எடுத்துச்சு. ரோடு இல்ல. தூளி கட்டித் தூக்கிக்கினு எறங்கினோம். பாதி மலையிலயே தாயும் புள்ளையும் பூட்டாங்க.”

“தெரியும். அந்த எழவுக்கும் காய்ச்சலோட மல ஏறி வந்தாரே எம் புருஷன்! அந்த நன்றியாவது இருந்துச்சா ஒங்களுக்கு?”

“வந்தாரு. எம்மவ கால்மாட்டுல உக்காந்து அழுதாரு. ‘எத்தினி மனு குடுத்தும் காட்டுக்குள்ள ரோடு போட உத்தரவு வாங்க முடியலயே, நானெல்லாம் இன்னா எம்.எல்.ஏ.’ன்னு தலையில அடிச்சிக்கினாரு.”

“அப்புறமும் ஏன்டி அவரக் கவுத்தீங்க?”

தைலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னுதான் ஊர் மொத்தமும் வாய மூடிக்கினு இருந்தோம்மா. ‘எனக்கு ஓட்டுப் போட்டுக்கினே இருந்தா ஒருத்தனும் ஒங்களத் திரும்பிப் பாக்க மாட்டான். ஓட்டே இல்லன்னு பேப்பர்ல வந்தாத்தான் ரோடு வரும். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன், ஒருத்தரும் போடாதீங்க’ன்னு எங்களக் கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டதே ஐயாதாம்மா!”