கேடயத்துச் சிங்கம்

கோட்டைச் சுவரில் பிரபு ஆல்டரிக்கின் கேடயம் தொங்கியது. அதில் தீட்டியிருந்த சிங்கம், கீழே படுத்திருந்த பூனையிடம் பீற்றிக்கொண்டது.

"இந்த வம்சத்தில் மூன்று தலைமுறையோடு போருக்குப் போயிருக்கிறேன். எதிரியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது நான் ஒருவன்தான். என் மேலெல்லாம் அம்புத் தழும்பு, பார்!"

"பிரபுக்களுக்கு?"

"ஒரு கீறல்கூடக் கிடையாது."

"அதெப்படி மாமா?"

"என்னை முதுகில்தானே மாட்டிக்கொள்வார்கள்!"

பூனை மீசையை நக்கிக்கொண்டது.

அதற்குள் போர்க்கொம்பு ஊதியது. பிரபு பதறி ஓடிவந்து கேடயத்தை இறக்கினார். முதல்முறை போருக்குப் போகும் மகனைத் திருப்பி நிறுத்தி, முதுகில் வைத்து வாரை இறுக்கிக் கட்டினார்.

"நம் குலப்பெருமையைக் காப்பாற்று, மகனே!" என்றார், கண்கலங்க.

சிங்கம் பிடரியைச் சிலிர்த்துக்கொண்டது.