எட்டு லட்சத்துச் சொச்சம்

“வாசல் வரைக்கும் வந்தவங்களை நீயே விரட்டி விட்டா, ரேங்க் எப்படிம்மா வரும்?”

அப்பா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, மகள் நடத்தும் இணையதளத்தின் முதல் வரியை உரக்கப் படித்தார். “‘சுட்டுக்கிட்டீங்களா? இங்க நின்னு படிக்காதீங்க. குழாய்க்கு ஓடுங்க. இருபது நிமிஷம் தண்ணியில காட்டுங்க.’ இப்படி ஒரு வரவேற்பை எந்தக் கடையிலயாவது பார்த்திருக்கியா?”

“அது கடை இல்லப்பா.” மகள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் நர்ஸ்.

அப்பாவுக்கு ரேங்க் என்றால் உயிர். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மகள் வாங்கிய ரேங்க் எல்லாம் மனப்பாடம். ஏழாவது அரையாண்டில் மட்டும் மூன்றாவது. அது டைஃபாய்டு வந்த வருஷம் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார். தெருவில் அவருக்குப் பெயரே ‘ஃபர்ஸ்ட் ரேங்க்’தான்.

அப்பேர்ப்பட்டவர் பெண்ணின் இணையதளத்துக்கு, எதை அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று இணையதளங்களை வரிசைப்படுத்தும் பட்டியலில் எட்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறாவது இடம்!

எதிர்வீட்டுக்காரரின் மகனும் உடல்நலத்துக்கு ஒரு தளம் நடத்துகிறான். அது முந்நூற்றுப் பன்னிரண்டாவது. காலை வாக்கிங்கில் சுற்றுக்கு ஒரு தடவை அதைச் சொல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரருக்குக் கால் நகராது. அப்பா இப்போதெல்லாம் வாக்கிங் போவதில்லை. முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறார்.

“அந்த நம்பரை எப்படிப் போடறாங்க தெரியுமாப்பா? கொஞ்சம் பேரோட கம்ப்யூட்டர்ல ஒரு கணக்குக் கருவியை வச்சிருக்காங்க. அவங்க எங்க போறாங்க, எத்தனை பக்கம் புரட்டறாங்க, எவ்வளவு நேரம் உட்கார்றாங்கன்னு பார்த்துட்டு, ஊர் உலகமே அப்படித்தான்னு சொல்லிடறாங்க.”

“பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். அதுல என்ன தப்பு?”

“சோறு சரிதான்பா, பானைதான் வேற. கை வெந்தவங்க யாராவது உட்கார்ந்து பக்கம் புரட்டுவாங்களா? என் பக்கத்துல ஒருத்தர் பத்து செகண்ட் நின்னா, நான் ஒழுங்கா எழுதலைன்னு அர்த்தம். போன மாசம் சராசரி ஆறு செகண்ட். இந்த மாசம் நாலு!”

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நாலு செகண்டில் என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறது என்று அப்பாவுக்குப் புரியவில்லை.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இதோ பாரு, எதிர்வீட்டுப் பையன் உன் சைட்டை எடுத்து நடத்தறேங்கறான். அந்த முதல் வரியைத் தூக்கணுமாம். ஒரு வீடியோ, நாலு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் ‘அடுத்து’ன்னு ஒரு பட்டன். ஆறே மாசத்துல ஆயிரத்துக்குள்ள கொண்டு வந்துடுவானாம். பதில் கேட்க அவங்கப்பா இப்ப வருவார். சரின்னு சொல்லிடும்மா. எனக்காக.”

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எனக்காக என்று அப்பா இதுவரை எதையும் கேட்டதில்லை.

“உங்களுக்கு அவ்வளவு அவமானமா இருக்குன்னா குடுத்துடறேன்ப்பா.”

ஜெயித்துவிட்டோம் என்று அப்பாவுக்குத் தெரிந்தது. ஆனால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டுக்காரர் வந்தார். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு.

“என்ன சார் ஆச்சு?” பதறிப்போனார் அப்பா.

“நேத்து வீட்ல யாரும் இல்ல சார். பெரிய இவனாட்டம் டீ போடப் போனேன். கொதிக்கிற தண்ணி அப்படியே கையில! உயிரே போயிடுச்சு. இடது கையால போனைத் தட்டித் தடவி, என்ன செய்யணும்னு பார்த்து, இருபது நிமிஷம் குழாயடியில கையைக் காட்டினேன். டாக்டரே பாராட்டினார்னா பார்த்துக்குங்க. ஐஸ் கீஸ் வச்சிருந்தா இன்னும் மோசமாயிருக்குமாம்.”

“உங்க பையன் சைட்ல பார்த்தீங்களா?” அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

“அட, நீங்க வேற! முதல்ல அதைத்தான் திறந்தேன். ஒரு விளம்பரத்தை மூடினா இன்னொண்ணு வருது. ‘அடுத்து’, ‘அடுத்து’ன்னு அழுத்தி முடிக்கறதுக்குள்ள கை வெந்தே போயிருக்கும்!” சொன்ன பிறகுதான் எதிர்வீட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்ப, வேற எந்த சைட்?”

“பேரை எல்லாம் யாரு பார்த்தா? ‘இங்க நின்னு படிக்காதீங்க, குழாய்க்கு ஓடுங்க’ன்னு பொட்டில் அடிச்ச மாதிரி ஒரு வரி. போனை அப்படியே போட்டுட்டு ஓடிட்டேன். எழுதின புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கணும். சரி, நம்ம கதைக்கு வருவோம். பாப்பா என்ன சொல்றா? அவ சைட் இப்ப எத்தனாவது ரேங்க்ல இருக்கு?”

சொல்ல வேண்டாம் என்று மகள் கண்ணால் ஜாடை காட்டினாள். அப்பாவா கேட்கிற ஆள்?

எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த அன்று தெருவுக்கே கேட்கச் சொன்னாரே, அதே குரல்.

“எட்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறு சார்! நேத்து உங்களைக் குழாய்க்கு விரட்டினதே எங்க வீட்டுப் பொண்ணுதான்!”