ஒரு தடவை மட்டும் எழுதும் சில்லு

தாட்சாயணியின் மேஜையில் இரண்டு மின்னணுச் சில்லுகள் இருந்தன. முதல் சில்லில் ஒரு தடவைதான் நிரல் எழுத முடியும். இரண்டாவதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம்.

சாமான் ஏற்றும் சின்ன லிஃப்ட் ஒன்றுக்கு அவள் மாதிரி போர்டு செய்துகொண்டிருந்தாள். லிஃப்ட் ஓடும்போது கதவு திறக்கக் கூடாது; அதைச் சில்லுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். விலை குறைவு என்று முதல் சில்லை எடுத்தாள்.

"பார்த்தாயா தம்பி, எனக்கு ஒரே பேச்சுதான். அதனால்தான் என்னை எடுத்தாள்" என்றது அது.

அவசரத்தில் அவள் நிரலில் ஓரிடத்தில் தப்பாக எழுதிவிட்டாள். சோதனை மோட்டார் சுற்றத் தொடங்கியதும், போர்டோடு இணைத்திருந்த கதவுப் பூட்டு திறந்துகொண்டது.

"அண்ணே, தப்பு நடக்கிறது! யாராவது கையை விட்டால் என்ன ஆகும்?" என்று இரண்டாவது பதறியது.

"எனக்குச் சொன்னது இதுதான். நான் மாற மாட்டேன்."

தாட்சாயணி அதைப் பிடுங்கிக் கழிவு டப்பாவில் போட்டுவிட்டு, இரண்டாவதைச் செருகினாள். அதிலும் தப்பு வந்தது. அழித்தாள், எழுதினாள், மறுபடி அழித்தாள். ஒவ்வொரு தடவையும் உள்ளெல்லாம் காலியாகி அதற்குப் பயமாக இருந்தது.

"காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று பேசுகிறாயே, வெட்கமாயில்லை?" என்று டப்பாவிலிருந்து குரல் வந்தது.

"கூச்சமாகத்தான் இருக்கிறது அண்ணே. ஆனால் கதவு இன்னும் சரியாகப் பூட்டவில்லையே."

ஒன்பதாவது தடவை, மோட்டார் ஓடி நிற்கும்வரை பூட்டு அசையவில்லை. தாட்சாயணி இழுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. போர்டை எடுத்துக்கொண்டு லிஃப்ட் இருக்குமிடத்துக்குக் கிளம்பினாள்.

டப்பாவில் கிடந்த சில்லு பக்கத்திலிருந்த கருகிய கம்பித் துண்டிடம் சொன்னது: "கொஞ்சம் பொறு. மோட்டார் சுற்றியதும் அந்தக் கதவு திறக்கும் பார்."